இரு மடங்கு என்றால், எதற்கு இரு மடங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆப் டாக்ஸிக்காரர்கள் நெரிசல் நேரத்தில் இரண்டு மடங்கு வரை வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசே சொல்லிவிட்டது, இனி நாம் பேசி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தவர்கள் பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். 2025 ஜூலையில் வந்த வழிகாட்டுதலில் அப்படித்தான் இருக்கிறது. 2020-இல் வந்ததில் ஒன்றரை மடங்குதான் உச்சவரம்பு. ஆனால் இரண்டு மடங்கு என்பது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மாநில அரசு அந்தந்த வகை வண்டிக்கு அறிவிக்கும் அடிப்படைக் கட்டணத்துக்குத்தான் அந்த இரண்டு மடங்கு. அந்த அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்று உங்கள் போனில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? திரையில் ஒரே ஒரு தொகை வரும், "டிமாண்ட் அதிகம்" என்று பக்கத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

ஆட்டோவையே எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. பத்தாண்டுக்கு மேலாக அதைத் தொடவே இல்லை. அந்தக் கணக்குப்படி ஆறு கிலோமீட்டருக்கு 75 ரூபாய் சொச்சம், இரண்டு மடங்கு போட்டாலும் 150-ஐ ஒட்டித்தான் வரும். மழை பெய்த மாலையில் கிண்டி ஸ்டேஷன் வாசலில் நின்று ஆப்பைத் திறந்து பாருங்கள், அந்தத் தொகைக்கு யார் வருகிறார்கள் என்று. அதற்காக 75 ரூபாய்க்கு ஓட்டு என்று எந்த ஆட்டோக்காரரிடமும் இன்று சொல்லவும் முடியாது, கேஸ் விலையும் ஸ்பேர் பார்ட்ஸ் விலையும் 2013-இலேயேவா நிற்கின்றன? காலாவதியான கட்டணத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் உச்சவரம்பு போட்டால் ஓட்டுநரும் அதை மதிக்கமாட்டார், நிறுவனமும் மதிக்காது. நடுவில் மாட்டிக்கொள்வது பயணி.

சரி, அரசு விழிக்கும் வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் கேன்சல் கட்டணம். புக் செய்தவுடன் போன் வரும்: "எங்க சார் போகணும்? கேஷா, ஜிபேயா?" பதில் பிடிக்கவில்லை என்றால் வண்டி இருந்த இடத்தைவிட்டு நகராது, நாமே அலுத்துப்போய் கேன்சல் செய்யட்டும் என்று காத்திருப்பார்கள். செய்தால் அபராதம் நம் தலையில், அதுவும் அடுத்த பயணத்தின் பில்லில் சத்தமில்லாமல் சேர்ந்து வரும். வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: சரியான காரணம் இல்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய். இது ஓட்டுநருக்கும் உண்டு. அதனால் போனில் வாக்குவாதம் வேண்டாம், ஆப்புக்குள் இருக்கும் சாட்டிலேயே "வருகிறீர்களா?" என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள், வண்டி நகராத மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கேன்சல் செய்யும்போது "ஓட்டுநர் வர மறுத்தார்" என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் முதலில் தெரியும் "மனம் மாறிவிட்டது" என்பதை அமுக்கிவிட்டால் அப்புறம் பணத்தைத் திரும்பக் கேட்க முகாந்திரமே இருக்காது.

ஓடிபி எண்ணை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு மட்டும் சொல்லுங்கள். "சிக்னல்ல நிக்கிறேன், நம்பரைச் சொல்லிடுங்க" என்றால் சொல்லக்கூடாது, அந்த நிமிடமே பயணம் தொடங்கியதாகக் கணக்கு ஓடும். இறங்கியதும் ஓட்டுநர் பயணத்தை முடித்துவிட்டாரா என்று நம் போனிலும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ஆப் காட்டிய தொகைக்கு மேல் பத்தோ இருபதோ மனமுவந்து கொடுப்பது வேறு விஷயம், ஏறுவதற்கு முன்பே "டிப்ஸ் சேர்த்தால் சீக்கிரம் வண்டி கிடைக்கும்" என்று திரையே கேட்பது வேறு. இதற்காகத்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதற்கு முன் 2024 அக்டோபரில் ஓலாவிடம், ரீஃபண்டைக் கூப்பனாகத் தலையில் கட்டாமல், வங்கிக் கணக்கா கூப்பனா என்று பயணியே தேர்வு செய்ய வழி வைக்கச் சொன்னது, ஆட்டோ பயணத்துக்கும் பில் கொடுக்கச் சொன்னது. நாம் புகார் எழுதுவது வீண் வேலை இல்லை.

இதைவிடப் பெரிய தொகை போகிற இடம் செல்ஃப் டிரைவ் வாடகைக் கார். இதைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை.

என் அக்கா மகன் அப்படி ஒரு காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புதுச்சேரி போய்வந்தான். ராத்திரி பத்து மணிக்கு வண்டியைத் திருப்பி விடும்போது, அங்கே இருந்த பையன் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு தரையில் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டான். முன் பம்பரின் அடிப்பக்கத்தில் ஒரு சிராய்ப்பு. "இது நீங்க போட்டதுதான் சார்." முன்பணத்திலிருந்து 6,500 ரூபாய் பிடித்தம். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வந்து எடுத்த வீடியோ இவனிடம் இருந்தது, பம்பருக்கு அடியில் யார்தான் குனிந்து எடுப்பார்கள்? இவன் கத்தவில்லை. மெயிலில் மூன்று விஷயம் மட்டும் கேட்டான். எனக்கு முன் ஓட்டியவர் வண்டியைத் திருப்பி விட்டபோது நீங்கள் எடுத்த படங்களைக் கொடுங்கள், எந்த ஒர்க்‌ஷாப்பில் சரி செய்தீர்கள், அதன் ஜிஎஸ்டி பில்லைக் கொடுங்கள், இதே சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்டிருக்கிறீர்களா என்று எழுத்தில் சொல்லுங்கள். பில் வரவில்லை, முன்பணம் வந்தது.

அதோடு முடியவில்லை. பாஸ்டாக் பிடித்தம் என்று ஒரு வரி, அதில் பரனூர் சுங்கச்சாவடி. இவர்கள் போனதும் வந்ததும் ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வழியில் உத்தண்டியில் சுங்கம் உண்டு, பரனூருக்கு அந்தப் பக்கமே போகவில்லை. வேறு யாரோ ஜி.எஸ்.டி. ரோட்டில் (பரனூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலை) போன கணக்கு இவன் பில்லில் ஏறியிருக்கிறது. பாஸ்டாக் ஸ்டேட்மென்டில் சாவடியின் பெயரும் நேரமும் தெளிவாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. போக்குவரத்து அபராதமும் இப்படித்தான். "உங்க பேர்ல சலான் வந்திருக்கு" என்றால் சலான் எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டால் தேதி, நேரம் எல்லாம் வரும், பெரும்பாலும் கேமரா படமும் இருக்கும். வண்டி நம் கையில் இருந்த நேரத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

எடுக்கும்போதே வெளிச்சத்தில் நின்று வீடியோ எடுங்கள்: நான்கு சக்கர ரிம், கண்ணாடி, கூரை, ஸ்டெப்னி, ஜாக்கி, எரிபொருள் முள், கிலோமீட்டர் எண். அடிப்பக்கமும் சேர்த்து, இனிமேல். எடுத்த கையோடு நிறுவனத்தின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் நேரம் தானாகப் பதிவாகிவிடும். திருப்பி விடும்போதும் அதையே செய்து, "வண்டி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நம்பர் பிளேட்டையும் பாருங்கள். வாடகைக்கு விடும் செல்ஃப் டிரைவ் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சல்லிசாகக் கிடைக்கிறது என்று வெள்ளைப் பலகைக் காரை யாரிடமோ வாடகைக்கு எடுத்தால், விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட வாய்ப்பு அதிகம்.

பிடித்த பணத்தைத் தரவில்லை என்றால் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 2020-இன் மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் சேவை விற்கும் நிறுவனத்துக்குக் குறைதீர் அலுவலர் இருந்தே ஆகவேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு மெயில் போட்டுவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஓட்டுநரின் சொந்த க்யூஆரில் போடாமல் ஆப் வழியாகவோ கம்பெனிக் கணக்குக்கோ பணம் கட்டுவது நல்லது, இல்லையென்றால் "எங்களுக்கு வரவில்லை, அவரிடமே கேளுங்கள்" என்றுவிடுவார்கள்.

போக்குவரத்துத் துறையிடம் கேட்க விரும்புவது இவ்வளவுதான். ஆட்டோ, கார், பைக் டாக்ஸி ஒவ்வொன்றுக்கும் இன்றைய செலவைக் கணக்கிட்டு அடிப்படைக் கட்டணத்தை அரசாணையாக வெளியிடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். பயணி புக் செய்யும் திரையில் அந்த அடிப்படைக் கட்டணமும், அதன் மேல் எத்தனை மடங்கு போடுகிறார்கள் என்பதும் பக்கத்துப் பக்கத்தில் தமிழில் தெரியவேண்டும் என்பதை உரிமம் கொடுக்கும்போதே நிபந்தனையாக வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழவந்தாங்கல், சென்னை.