‘துணைச் செல்கள்’ அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் மூளையில் நியூரான்கள் என்னும் நரம்புச் செல்களோடு இருக்கும் கிளையல் செல்களை ‘நியூரான்களைத் தாங்கும் துணைச் செல்கள்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. ஒரு நியூரானிடமிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடக்கும் இடமான சினாப்ஸ் உருவாவதற்கே இச்செல்களின் உதவி வேண்டும்.

பிழையின் வேர் ‘கிளையல்’ என்ற பெயரிலேயே இருக்கிறது. 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, நரம்புகளைப் பிணைக்கும் பசை என்ற பொருளில்தான் இப்பெயரை வழங்கினார். பசையிடம் வேறு வேலையை யார் எதிர்பார்ப்பார்கள்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர் பென் பாரஸ் குழுவினர் எலியின் விழித்திரை நியூரான்களை மட்டும் பிரித்தெடுத்து வளர்த்தபோது, அவை உயிரோடு இருந்து கிளைகளை நீட்டினவே தவிர, மிகச் சில சினாப்ஸ்களையே அமைத்தன. கிளையல் செல்களில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுகளைச் சேர்த்ததும் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஏழு மடங்காகியது என்று 2001-இல் அவர்கள் அறிவித்தனர். இரு செல்களும் தொட்டுக்கொள்ள வேண்டிய தேவைகூட இல்லை. ஆஸ்ட்ரோசைட்டுகள் வளர்ந்த திரவமே போதுமானதாக இருந்தது. அத்திரவத்தில் செயல்பட்ட பொருள்களில் ஒன்று திராம்போஸ்பாண்டின் என்ற புரதம் என்பது 2005-இல் தெரியவந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் அடுத்த கட்டம். திராம்போஸ்பாண்டினால் உருவான சினாப்ஸ்கள் நுண்ணோக்கியில் முழுமையாகத் தெரிந்தாலும், செய்தியை வாங்கும் பக்கத்தில் செய்தியைச் சுமந்துவரும் வேதிப்பொருளான குளூட்டமேட்டைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் போதிய அளவில் இல்லாததால் ஊமையாகவே இருந்தன. அந்த ஏற்பிகளை அங்கே கொண்டுசேர்ப்பவை, அதே ஆஸ்ட்ரோசைட்டுகள் சுரக்கும் கிளிப்பிக்கன் புரதங்கள் என்று 2012-இல் கண்டறிந்தனர். ஹெவின் என்ற புரதம் சினாப்ஸ்களைப் பெருக்க, அதன் உறவுப் புரதமான ஸ்பார்க் அதைத் தடுக்கிறது; இரண்டையும் சுரப்பவை ஆஸ்ட்ரோசைட்டுகள்தாம். முடுக்கமும் தடையும் ஒரே கையில் இருக்கும்போது ‘துணை’ என்ற சொல் எப்படிப் பொருந்தும்?

மிகுதியாக உருவான இணைப்புகளை விழுங்கிக் களைவதிலும் மைக்ரோகிளியா என்னும் மற்றொரு வகை கிளையல் செல்களுக்குப் பங்குண்டு. கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவாரானால், ‘பயன்படாத இணைப்புகள் தாமாக மறைகின்றன’ என்ற வரியையும் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்