அந்த 0.9 பற்றி

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில் "ஏஎம்ஹெச் 0.9 தான்மா, இனி எனக்குக் குழந்தையே பிறக்காதா?" என்று நீ அழுதபோது எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. இருபத்தாறு வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவள், சொந்த மகளின் ரிப்போர்ட் என்றதும் திகைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

சினைப்பையில் இருக்கிற சின்னச் சின்ன முட்டைப்பைகள் சுரக்கிற ஹார்மோன்தான் ஏஎம்ஹெச். மீதி எத்தனை முட்டை இருக்கும் என்று அதை வைத்து ஒரு குத்துமதிப்பு சொல்லலாம். ஐவிஎஃப் என்கிற செயற்கைக் கருத்தரிப்புக்கு ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க டாக்டர்களுக்கு அது உதவும். ஆனால் மாதம் ஒரு முட்டை வந்தால் போதும் என்கிற உனக்கு, இயல்பாகக் கரு தங்குமா தங்காதா என்று அந்த எண் சொல்லாது. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 30 முதல் 44 வயது வரை, குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 750 பெண்களைப் பார்த்தார்கள். ஏஎம்ஹெச் 0.7-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் ஒரு வருஷத்துக்குள் கரு தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை. கருத்தரிப்பில் சிக்கல் இல்லாத பெண்களுக்கு இதைப் பார்த்து ஆலோசனை சொல்ல வேண்டாம் என்று அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் சங்கமும் 2019-ல் சொன்னது. இந்த டெஸ்ட்டை 'பேக்கேஜ்' என்று விற்கிறவர்கள் இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எனக்குக் கோபமாக இருக்கிறது.

அப்புறம், நீ இன்னும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாய்தானே? அது ஏஎம்ஹெச்சைக் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுக்கும்போது யாராவது அதைக் கேட்டார்களா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாளைக்கு அந்த எண் 4 என்று வந்தாலும் நான் நிம்மதியாக இருக்கச் சொல்லமாட்டேன். எத்தனை முட்டை என்பதைத்தான் அது காட்டும், தரத்தைக் காட்டாது. தரம் வயதோடு போகிறது. கரு தங்கும் வாய்ப்பும் சுமார் 32-லிருந்து மெல்லக் குறையும், 37-க்குப் பிறகு வேகமாக. உனக்கு இப்போது 32. பதவி உயர்வுக்காக இரண்டு வருஷம் தள்ளுவது பெரிய ஆபத்தில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆறேழு வருஷம் என்றால் முட்டையை உறைய வைப்பதைப் பற்றி இப்போதே டாக்டரிடம் பேசு. அதுவும் உறுதியான காப்பு இல்லை, எல்லா முட்டையும் குழந்தையாவதில்லை. முயற்சி தொடங்கும்போது 35 தாண்டியிருந்தால், ஆறு மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். ஒரு வருஷம் காத்திருக்கக் கூடாது.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் தைராய்டு, சுகர் பார், வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கிற ரூபெல்லா அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்றும் பார். ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டி வந்தால், அதற்குப் பிறகு ஒரு மாதமாவது கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் தாமதமானால் மாப்பிள்ளையும் விந்துப் பரிசோதனை செய்யட்டும். லேபில் நான் பார்த்த எத்தனையோ பெண்கள் எல்லா டெஸ்ட்டையும் முடித்துவிட்டு, புருஷனுக்கு இந்த ஒன்றைக் கேட்கத் தயங்கி வருஷக்கணக்கில் நின்றார்கள்.

போன பொங்கலுக்கு எல்லார் முன்னாலும் "எப்போ நல்ல செய்தி?" என்று நானே கேட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு. இனி பெரியம்மா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை வரும்போது ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து பார்க்கலாம்.

அம்மா