இரவில் போய்ச் சேர ஓர் அக்கா வீடு: நன்கொடை வேண்டுகோள்

கடலூர், புதுச்சேரி மக்களுக்கு வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பேசி, முன்பணத்தில் பாதி கொடுத்திருக்கிறோம். திண்ணை, முற்றம், நான்கு அறைகள், பின்கட்டில் கிணறு. அறைக் கதவுகளில் வெளிப்பக்கத் தாழ்ப்பாளையெல்லாம் கழற்றிவிடுங்கள் என்று ஆசாரியிடம் சொன்னபோது, அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். “வெளியில பூட்ட முடியாட்டி அது என்ன சார் ரூம்?” என்றார். விஷயத்தைச் சொன்னோம். கழற்றியவற்றை ஒரு துணியில் முடிந்து கையில் கொடுத்துவிட்டு, கூலி வாங்காமல் போய்விட்டார். நன்கொடைப் புத்தகத்தில் அதையும் எழுதியிருக்கிறோம்.

மனம் நிலைகுலைந்து நிற்பவர்கள் சில நாள் தங்கி ஆசுவாசப்படுவதற்கான வீடு இது. நான்கு கட்டில், பகலிலும் இரவிலும் கூட உட்கார ஆள், வேளாவேளைக்குச் சோறு. வைத்தியசாலை அல்ல, விடுதியும் அல்ல.

ஏன் தேவை என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறோம். எங்கள் குழுவில் பதினோரு பேர். அதில் மூன்று பேர் தாங்களே இந்த நெருக்கடியில் விழுந்து எழுந்தவர்கள். மற்றவர்கள் வீட்டில் ஒருவராவது உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் எங்களில் ஒருவரின் தம்பிக்கு நான்கு நாளாகத் தூக்கமில்லை. சுவருக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். இரவு ஒரு மணிக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஓரிடத்தில் காலையில் ஓபிக்கு வரச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் போலீசோடு வாருங்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில் கையைக் கட்டத் துணி எடுத்ததைப் பார்த்ததும் தம்பி ஓடினார், அண்ணன் பின்னாலேயே ஓடினார். விடியும்போது இருவரும் தேவனாம்பட்டினம் கரையில் நின்றார்கள்.

அங்கே ஒரு பெரியவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. “தம்பி, இந்த ஓரத்தைக் கொஞ்சம் புடி” என்று வலையைக் கையில் கொடுத்தார். நான்கு நாளாக ஓரிடத்தில் நிற்காதவர் இரண்டு மணி நேரம் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை, “உங்களுக்குச் சத்தம் கேக்குதா?” என்றார். “எனக்குக் கடல் சத்தந்தான் கேக்குது. உனக்கு என்ன கேக்குது, சொல்லு” என்றார் பெரியவர். வீட்டில் அதுவரை ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

வலை பிடித்ததால் குணமாகிவிட்டது என்று கதை விடவில்லை. அன்று மத்தியானமே டாக்டரைப் பார்த்தார்கள், இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் டாக்டரிடம் தன் காலால் நடந்துபோனார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கூரை போடத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

புயலும் வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்தாயிற்று. தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த மண்டபத்துக்கு ஓடுவது என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மனசுக்குள் ஏறினால் எங்கே போவது?

போக இடமில்லாதவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருந்த மனநோயாளிகள் காப்பகம் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிகாலையில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். ஊருக்குள் எல்லோரோடும் வாழ்வது அவர்களின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. சரி, சட்டம் வந்துவிட்டது. வீட்டை யாராவது கட்ட வேண்டுமே.

இது எங்கள் மூளையில் உதித்த யோசனை இல்லை. 1971இல் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் லோரன் மோஷர் என்ற மனநல மருத்துவர் ‘சொட்டீரியா’ என்ற வீட்டைத் திறந்தார். முதல்முறை மனச்சிதைவு வந்த இளைஞர்கள் சிலர் அங்கே தங்கினார்கள். கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் படித்த வைத்தியர்கள் அல்ல, பொறுமையுள்ள சாதாரண மனிதர்கள். மருந்து மிகக் குறைவு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1984இல் அதே பெயரில் தொடங்கிய வீட்டில் ‘மென்மையான அறை’ என்று ஒன்று உண்டு. ரொம்பவும் கலங்கியிருப்பவர் அங்கே இருப்பார், கூடவே ஒருவர் விடாமல் இருப்பார். அமெரிக்க வீடு 1983இல் பணமில்லாமல் மூடப்பட்டது. நாங்கள் பன்னிரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பது என்று முடிவெடுத்ததற்கு அதுதான் காரணம்.

மருந்து விஷயத்தில் மட்டும் அவர்கள் வழியில் நாங்கள் போகவில்லை. டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. வாரம் ஒருமுறை ஒரு மனநல மருத்துவர் சம்பளம் வாங்காமல் வந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108தான், நாங்கள் அல்ல. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் 14416 எந்நேரமும் உண்டு. சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு வாங்காமல் ஒருவரைக்கூட இரவு தங்கவைக்க மாட்டோம். அதுவரை பகல் வீடாக நடக்கும்.

இனி கணக்கு. வீட்டு முன்பணம் 1,00,000 ரூபாய். கிணற்றுக்குக் கம்பி மூடி, குளியலறை, மின்சார வேலை, சமையல்கட்டு ஓடு எல்லாம் சேர்த்து 1,60,000. மாதாமாதம் வாடகை 16,000, இரவில் கூட இருக்கும் இருவருக்கு 24,000, சமையல் அம்மாவுக்கு 8,000, சாப்பாடு 15,000, கரண்ட் கேஸ் சில்லறை 7,000. ஆக மாதம் 70,000. ஒரு வருடத்துக்கு மொத்தம் 11,00,000. எங்களுக்குள் போட்டது 2,15,000. மீதி 8,85,000 உங்களிடம்.

இரவு ஆட்களுக்குச் சம்பளம் எதற்கு, சேவையாகச் செய்யக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றாம் நாள் தூக்கம் கெட்ட சேவைக்காரர் எரிந்து விழுவார். நாங்களே வீட்டில் விழுந்திருக்கிறோம்.

500 ரூபாய் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. பிறந்தநாளுக்கோ திதிக்கோ அதை ஏற்கலாம். பணம் குழுவின் கூட்டுக் கணக்குக்கு மட்டும், ரசீது உடனே. வரிவிலக்குச் சான்று இன்னும் வாங்கவில்லை, அதை நம்பிக் கொடுக்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் அண்ணன்மார் சிலர் ஆசையாகக் கேட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் பணம் வாங்க எங்களுக்கு அனுமதியில்லை. வந்து வலை பிடிக்கலாம்.

கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறியது இந்த ஊரில்தான் என்பார்கள். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரே இருக்கிறது. அதற்கு முன்னால் சூலை நோய் தாங்காமல் அவர் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, அக்கா திலகவதியாரிடம் போன கதையும் நமக்குத் தெரியும். அப்படிப் போய்ச் சேர எல்லோருக்கும் ஓர் அக்கா வீடு இருப்பதில்லை.

ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை திண்ணையில் இருப்போம். வீட்டைச் சுற்றிப் பாருங்கள், கணக்குப் புத்தகத்தையும் புரட்டுங்கள். அரிசி, பாய், போர்வை கொண்டுவரலாம். பழைய மெத்தை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஆறு வந்து முற்றத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கிணற்று மூடியும் ஓடு மாற்றும் வேலையும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும். அந்த இரண்டுக்குமான 45,000 மட்டும் புரட்டாசிக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வீட்டுக் குழுவினர், கடலூர்