டேடோனாவில் உயிர் காத்தது அதிர்ஷ்டம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நம் வாசகர்கள் அதிகம் அறியாத, நாஸ்கார் என்னும் அமெரிக்க அமைப்பு நடத்தும் கார் பந்தயங்களைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆயினும், 2020ஆம் ஆண்டுப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ரயன் நியூமனின் கார் நொறுங்கியதை ஒரு பத்தி முழுக்க வருணித்துவிட்டு, அவர் அதிர்ஷ்டவசமாகப் பிழைத்தார் என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

முன்னணியில் சென்ற நியூமனின் கார், பின்னாலிருந்து தள்ளப்பட்டதால் திசைமாறி, வெளிச்சுவரில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்து கிடந்த நிலையிலேயே மற்றொரு கார் அவர் அமர்ந்திருந்த பக்கத்தில் வந்து இடித்தது. அப்படியிருந்தும் இரண்டு நாட்களுக்குள் தம் இரு மகள்களின் கைகளைப் பற்றியபடி அவர் மருத்துவமனையிலிருந்து நடந்தே வெளியே வந்தார். இது நிகழ்வதற்குப் பின்னால் பத்தொன்பது ஆண்டு உழைப்பும், அதற்கு முன் பறிபோன பல உயிர்களும் இருக்கின்றன.

2001 பிப்ரவரி 18 அன்று அதே டேடோனாவில், அதே கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் நான்காம் வளைவில் கான்கிரீட் சுவரில் மோதி இறந்தார். பார்ப்பதற்கு அந்த விபத்து நியூமனின் விபத்தைப் போலக் கோரமாக இல்லை. ஆனால் இத்தகைய மோதலில் இடுப்பையும் தோளையும் வார்ப்பட்டைகள் இருக்கையோடு பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னோக்கிப் பாயும்போது, அந்த இழுப்பு முழுவதும் கழுத்திலும் மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் இறங்குகிறது. எர்ன்ஹார்ட்டுக்கு முறிந்தது அந்த அடிப்பகுதிதான். அதற்கு முந்தைய 2000ஆம் ஆண்டில் மட்டும் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்று மூன்று ஓட்டுநர்களை நாஸ்கார் இழந்திருந்தது.

இதைத் தடுக்கும் வழி ஏற்கெனவே இருந்தது என்பதுதான் மனத்தை வருத்துகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே ஹான்ஸ் என்னும் கருவியை உருவாக்கியிருந்தனர். வார்ப்பட்டைகளுக்கு அடியில் தோளில் அமரும் அந்தக் காலர், ஹெல்மெட்டை இரு சிறு பட்டைகளால் பிடித்துக்கொண்டு, தலை தனியாகப் பாயாமல் தடுக்கிறது. 2001 டேடோனா பந்தயத்தில் ஒரு சிலரே அதை அணிந்திருந்தனர், எர்ன்ஹார்ட் அணியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் சார்லட் நகரில் நடந்த வேறொரு தொடரின் பந்தயத்தில் பிளேஸ் அலெக்ஸாண்டர் இறந்த பிறகே, தலையையும் கழுத்தையும் காக்கும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. இந்தத் தாமதத்துக்கு அமைப்பாளர்களே பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது சுவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையிலான பொறியாளர்கள், கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாய்களையும் இடையில் நுரைக்கட்டிகளையும் பொருத்தி, மோதலின் விசையைச் சற்றுக் கூடுதல் நேரத்துக்குப் பரப்பும் சேஃபர் தடுப்பை வடிவமைத்தனர். அது முதலில் 2002இல் இண்டியானாபொலிஸில் பொருத்தப்பட்டது. ஆனால் எல்லாத் தடங்களின் எல்லாச் சுவர்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. 2015இல் டேடோனாவிலேயே தடுப்பில்லாத உட்புறச் சுவரில் மோதிக் கைல் புஷ் காலை முறித்துக்கொண்டார்.

கார்கள் ஏன் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன என்பதையும் கட்டுரையாளர் விளக்கியிருக்கலாம். 1987இல் டல்லடேகா தடத்தில் பாபி அலிசனின் கார் பார்வையாளர் வேலியைக் கிழித்ததை அடுத்து, 1988 முதல் டேடோனா, டல்லடேகா ஆகிய இரு பெருந்தடங்களிலும் என்ஜினுக்குள் செல்லும் காற்றைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தி வருகிறார்கள். பார்வையாளரைக் காக்கும் அந்த ஏற்பாட்டால் எல்லாக் கார்களின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகி, அவை கூட்டமாகவே ஓடுகின்றன. அதனால் ஒருவர் தடுமாறினால் பலர் மோதுகிறார்கள்.

எர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களின் பந்தயங்களிலும் ஓட்டுநர் எவரும் விபத்தில் இறக்கவில்லை. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010இல் அவற்றுள் ஒன்றான டிரக் தொடரில் ஓட்டியபோது, இந்தப் பாதுகாப்பெல்லாம் அவருக்கும் கிடைத்தது. எனினும் பணி முடிந்துவிடவில்லை. 2022இல் அறிமுகமான புதிய காரின் பின்பகுதி மிகவும் விறைப்பாக இருந்ததால், பின்புறமாகச் சுவரில் மோதிய கர்ட் புஷ்ஷுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டு, அவருடைய முழுநேரப் பந்தய வாழ்வே முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு அந்தப் பகுதியை மாற்றியமைத்தார்கள்.

கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த இதழில் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஹப்பார்ட், டவுனிங், சிக்கிங் ஆகியோரின் பணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்