கட்டிலுக்கு அடியில் இருந்தவர்

தம்பி,

அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். பழைய முகவரிக்கே அனுப்பலாமா? சித்தப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. இந்த மாதம் பணம் அனுப்பாதே, இங்கே ஒரு தேவையும் இல்லை. ராத்திரி நேரத்தோடு தூங்கு. நான் மதியம் சாப்பிட உட்காரும்போது நீ ஆன்லைனில் இருக்கிறாய். உனக்கு அது விடிகாலை மூன்று மணி.

நேற்று ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ மறுபடி பார்த்தேன், அந்தத் திகில் பட வரிசையில் 1980இல் வந்த முதல் படம். உன் நியூ ஜெர்சியில்தான், பிளேர்ஸ்டவுன் பக்கத்து சாரணர் முகாமில் எடுத்தார்கள். போய்ப் பார்த்தாயா? மொத்தச் செலவே ஏறக்குறைய ஐந்தரை லட்சம் டாலர்தான். நடிகர் கெவின் பேகன் படுத்திருக்கும்போது கழுத்தைத் துளைத்துக்கொண்டு அம்பு வருமே, அந்த உடம்பு ஒப்பனைக் கலைஞர் டாம் சாவினி செய்த பொம்மை. தலை மட்டும் பேகனின் நிஜத் தலை. பையன் கட்டிலுக்கு அடியில் முட்டி போட்டு, ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். ரத்தம் வரவேண்டிய நேரத்தில் பம்பிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. அடியில் இருந்த உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதினார். அதனால்தான் அது அப்படிக் கொப்பளிக்கிறது. காசு இல்லாதவர்கள் மூச்சைக் கொடுத்து எடுத்த படம். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

பத்தாம் வகுப்பில் நீதான் இதைச் சொன்னாய். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. 1986இல் நாங்கள் நாலு பேர் காசு போட்டு, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய இதே படங்களைத்தான் பார்த்தோம். அதை மறைத்துவிட்டு, நீ அடுப்படியில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ரத்தம் செய்தபோது சிங்க்கில் கொட்டினேன். கேமராவையும் விற்றேன். பிழைப்புக்கு ஆகாது என்று பயந்தேன். உன் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடைந்ததைத் தெரு முழுக்கச் சொன்னவனும் நான்தான். ஆனால் ஒரு போன் பண்ண உனக்கு என்னடா?

அந்தப் படத்தில் கொலை செய்வது ஒரு தாய். பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கவனிக்காததால் ஏரியில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. அந்தச் சிவப்பு மூன்று நாள் சிங்க்கை விட்டுப் போகவில்லை. பாகில் என்ன கலந்தாய்? எழுது.

அப்பா