டர்பனில் சிம் வாங்குகிறவர்கள் தேதியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு யோசனை சொல்லி நீங்கள் போட்டிருந்த கட்டுரையில், போய் இறங்கியதும் எந்தக் கம்பெனி அதிக ஜிபி தருகிறதோ அந்த சிம்மை வாங்குங்கள் என்று ஒரு வரி இருந்தது. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று ரீசார்ஜ் போட்டுப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். தென்னாப்பிரிக்காவில் அதை நம்பினால் காசு வீண். நான் பல வருடமாக டர்பனில் இருக்கிறேன். கோயில்களுக்கு வரும் குருக்கள், ஸ்தபதிகள், ஐடி வேலைக்கு வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் புது போனைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி எந்த சிம் என்பதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடமில்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே டேட்டாவை விற்பது ஜிபி கணக்கில் இல்லை, தேதிக் கணக்கில். அதே ஒரு ஜிபி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை, ஒரு நாளைக்கு ஒரு விலை, ஒரு வாரத்துக்கு ஒன்று, 30 நாளைக்கு ஒன்று. கடைக்காரர் சொல்கிற குறைந்த விலை பெரும்பாலும் ஒரு நாள் பண்டிலின் விலையாக இருக்கும் (பேக் என்று கேட்காதீர்கள், இங்கே பண்டில், பேலன்ஸுக்கு ஏர்டைம்). ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறவருக்கு ஒரு நாள் பண்டில் சரி. காலையும் மாலையும் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தை பேசுகிறவர் அதை வாங்கினால் முக்கால்வாசி அன்று இரவே காலாவதியாகிவிடும், மறுநாள் திரும்ப வாங்க வேண்டும். இப்படி மாதம் முழுக்க வாங்கிக் கூட்டிப் பார்த்தால் 30 நாள் பண்டிலே மலிவு என்று தெரியும்.

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. இந்தியாவில் ஜியோ வந்து விலையைச் சரித்த அதே 2016-இல்தான் இங்கே டேட்டா மஸ்ட் ஃபால், அதாவது டேட்டா விலை குறைய வேண்டும் என்று மக்கள் குரல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்நாட்டின் போட்டி ஆணையம் விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. சின்னச் சின்னதாக வாங்குகிற ஏழைகள்தான் ஒரு எம்பி டேட்டாவுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று அதில் வெளிப்படையாகவே சொன்னார்கள், பெரிய மொபைல் கம்பெனிகளான வோடகாமும் எம்டிஎன்னும் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டும் என்றார்கள். 2020 ஏப்ரலில் 30 நாள் ஒரு ஜிபி 149 ராண்டிலிருந்து (ராண்டு இந்நாட்டுப் பணம்) 99 ராண்டுக்கு இறங்கியது. குறைந்தது, சந்தோஷம். ஆனால் ஒரு மணி நேர டேட்டா, ஒரு நாள் டேட்டா வியாபாரம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் ராத்திரி டேட்டா என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய எழுத்தில் 10 ஜிபி என்று இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் பாதி பகலுக்கு, பாதி ராத்திரிக்கு என்று இருக்கும். ராத்திரி என்றால் பெரும்பாலும் நடுநிசி முதல் விடியற்காலை 5 வரை. நம் ஊர் இங்கிருந்து மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டர்பனில் 12 அடித்தால் சென்னையில் விடிகாலை மூன்றரை, அந்த நேரத்தில் அம்மாவைக் கூப்பிட்டால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போவார்கள். நாலரை மணிக்கு எழுந்து கூப்பிடுகிற பழக்கம் இருந்தால் அங்கே காலை எட்டு, தாராளமாகப் பேசலாம். இல்லாவிட்டால் அந்த 10 ஜிபியை 5 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பண்டிலும் இப்படித்தான், சிலதில் மெசேஜும் போட்டோவும் மட்டும் போகும், கால் பேசினால் வேறு கணக்கில் ஓடும். வாங்கும் முன் கேளுங்கள்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2019-இல் ஐகாசா என்ற தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்த பிறகு, டேட்டா 50, 80, 100 சதவீதம் தீர்ந்ததும் மெசேஜ் அனுப்ப வேண்டும், பண்டில் தீர்ந்தபின் நம் சம்மதம் இல்லாமல் ஏர்டைமைக் கரைக்கக் கூடாது, மிச்சமிருக்கும் டேட்டாவை அடுத்த காலத்துக்கு நீட்டிக்கவும் அதே நெட்வொர்க்கில் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி செய்ய வேண்டும். எப்படி நீட்டிப்பது என்பதை ஆப்பின் எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று தேடத்தான் பொறுமை வேண்டும். தேதித் தொல்லையே வேண்டாம் என்றால் கேபிடெக் வங்கி 2022-இல் ஆரம்பித்த சிம் மாதிரி காலாவதியாகாத டேட்டாவும் கிடைக்கிறது, ஆரம்பித்தபோது ஒரு ஜிபி 45 ராண்டு, 100 எம்பி வாங்கினாலும் அதே வீதம்தான். கொஞ்சமாகப் பயன்படுத்துகிற பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இப்படிப்பட்டதைத்தான்.

சரி, எந்த நெட்வொர்க்? வோடகாம், எம்டிஎன், டெல்காம், செல் சி என்று நான்கு பெயர் சொல்வார்கள். செல் சி இப்போது மற்றவர்களின் டவர்களில்தான் ஓடுகிறது, ஆகவே பத்து வருடத்துக்கு முந்தைய அனுபவத்தை வைத்து யாராவது திட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். நான் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் மேட்டு வீட்டில் முழுசாகக் கிடைக்கிற சிக்னல் கீழ்த் தெருவில் கிடைக்காமல் போகலாம், பக்கத்து வீட்டுக்காரர் என்ன வைத்திருக்கிறார், வீட்டுக்குள் பேச முடிகிறதா என்று கேட்பதைவிட நல்ல சோதனை கிடையாது. 2022, 2023-இல் லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது டவர் பேட்டரி தீர்ந்து ஏரியாவே மௌனமாகிவிடும், அப்போது இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஊரிலிருந்து போன் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு விஷயம். டெல்காமின் 4ஜி பெரும்பகுதி 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது, ஜியோவும் அதைப் பயன்படுத்துவதால் இந்திய போன்களில் பிரச்சினை இல்லை. 2022 ஏலத்தில் கம்பெனிகள் எடுத்த 700, 800 மெகாஹெர்ட்ஸ் உங்கள் மாடலில் உண்டா என்று பாருங்கள், சுவர் தாண்டி வருகிற அலைவரிசை அது.

புது போனை இங்கே மாதாமாதம் பணம் கட்டுகிற கான்ட்ராக்டில் எடுக்கலாமா என்றால், இரண்டு வருட விசாவில் வந்தவர்கள் யோசியுங்கள். நுகர்வோர் சட்டப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து ரத்து செய்யலாம், ஆனால் போனுக்கு மீதியுள்ள பணத்தைக் கட்ட வேண்டும். போனைத் தனியாக வாங்கி ப்ரீபெய்டு போடுங்கள், பிடிக்காவிட்டால் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம், அந்த வசதி 2006-இலிருந்தே இருக்கிறது. ரீகா என்ற இந்நாட்டுச் சட்டப்படி சிம்மைப் பதிவு செய்ய பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், கோயிலிலோ கம்பெனியிலோ தங்குகிறவர்கள் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். இரண்டு சிம் போடுகிற போனாக வாங்கி, ஊரில் இருக்கும்போதே ரோமிங்கை ஆன் செய்து, அந்த சிம்மின் டேட்டாவை மட்டும் ஆஃப் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்