வார்டன் மேடம், எங்களுக்கு ஓர் அடுப்படி வேண்டும்

வார்டன் மேடத்துக்கும், மெஸ் கமிட்டிக்கும், இதற்கெல்லாம் கையெழுத்துப் போடும் நிர்வாகத்துக்கும் வணக்கம்.

கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதாமலே படிக்கிறவர்களில் பாதிப் பேர் இது நம்ம ஹாஸ்டல்தானே என்று நினைத்துக்கொள்வார்கள், அந்த அளவுக்கு எல்லா ஹாஸ்டலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன: ஏழரைக்கு டிபன், ஒன்பது மணிக்கு அட்டெண்டன்ஸ், திடீர் திடீரென்று ரூம் செக்கிங், அதில் மாட்டும் கெட்டில்கள்.

இந்தச் செமஸ்டரில் மாட்டியது என்னுடையது. அபராதம் 500 ரூபாய், கட்டிவிட்டேன். ஆனால் மாட்டுவதற்கு முந்தின வாரம் அந்தக் கெட்டிலில் என்ன நடந்தது என்று உங்கள் ரெஜிஸ்டரில் இருக்காது, அதனால் நான் எழுதுகிறேன்.

எதிர் அறைப் பெண் மூன்று நாளாக மெஸ்ஸுக்கு வரவில்லை. இரண்டு அரியர். கேட்டால் தலைவலி என்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்கு அன்றைக்கு ஜலதோஷம்; அவளை நினைத்தெல்லாம் இல்லை, எனக்காகத்தான் ரசம் வைத்தேன். மிளகையும் சீரகத்தையும் காகிதத்தில் மடித்து டம்ளர் அடியால் இடித்து, பூண்டையும் அதே டம்ளரால் நசுக்கி, அம்மா கொடுத்துவிட்ட புளியைக் கரைத்து ஊற்றினேன். வாசம் வராந்தா முழுக்கப் போய்விட்டது. அவள் கதவைத் திறந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அதைக் கொதிக்க விடாத, நுரை கட்டும்போதே இறக்கு" என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். கெட்டில் தானாக ஆஃப் ஆவதே கொதித்த பிறகுதான் என்பதால், பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டே காத்திருந்தாள், நுரை எழும்பியதும் டக்கென்று அணைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தாள். அரியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவள் ஆச்சி வைக்கும் கொள்ளு ரசத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினாள்.

ரசம் குடித்துச் சரியாகிவிட்டாள் என்று கதை விடவில்லை. நான்கு நாள் கழித்து கவுன்சிலரைப் பார்க்கப் போனாள், நானும் கூடப் போனேன், போக வேண்டிய இடம் அதுதான். (யாருக்காவது வேண்டுமென்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.) ஆனால் அந்தக் கதவு திறந்தது ரச வாசனைக்குத்தான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஒரு மனநல ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று சொன்னது. நீங்களும் கவுன்சிலர் போட்டீர்கள், மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டீர்கள், லிஃப்ட் பக்கத்தில் போஸ்டர் ஒட்டினீர்கள். எல்லாம் தேவைதான், குறை சொல்லவில்லை. அந்த வேகத்தில் பாதி இருந்தாலும் தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை வந்திருக்கும். இங்கிலாந்துக்குப் படிக்கப் போன சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள், அங்கே பல விடுதிகளில் ஏழெட்டுப் பேருக்கு ஓர் அடுப்பும் ஃப்ரிட்ஜும் சாதாரண விஷயம்.

இது மெஸ் சாப்பாட்டைப் பற்றிய புகார் இல்லை. (அதற்கு வேறு கடிதம் எழுதலாம், நீளமாகவே வரும்.) சாப்பாடு தட்டில் வந்து விழுகிறது, நாங்கள் தட்டைக் கழுவி வைக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் படிப்பில் நான்கு மாதம் உழைத்தால் ஒரு கிரேடு வரும், அதுவும் ஏன் வந்தது என்று புரியாது. அடுப்பில் இருபது நிமிடத்தில் ஒரு வேலை முடிகிறது, அது நன்றாக வந்ததா இல்லையா என்று நாக்கே சொல்லிவிடுகிறது, ஒருத்தி இன்னும் கொஞ்சம் ஊற்று என்று டம்ளரை நீட்டுகிறாள். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று ஒன்று உண்டு; மனசு சரியானதும் எழுந்துகொள்ளலாம் என்று காத்திருக்காமல், முடிகிற சின்ன வேலையில் முதலில் இறங்கச் சொல்வார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 658 இளைஞர்களை 13 நாள் டைரி எழுதவைத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாக எதையாவது சமைத்துப் பார்ப்பது, பின்னல் வேலை, படம் வரைவது என்று கையால் எதையாவது உருவாக்கிய நாளுக்கு அடுத்த நாள் அவர்கள் கூடுதல் உற்சாகத்தோடு இருந்தார்களாம்.

தீ விபத்து என்பீர்கள். நியாயம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், எங்கள் அறையில் இருப்பது 6 ஆம்பியர் பிளக், அதில் செருகினால் ஒயர் சூடாகத்தான் செய்யும். அதனால்தான் கேட்கிறேன், 16 ஆம்பியர் பிளக், கரண்ட் அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் எம்.சி.பி. சுவிட்ச், ஒரு தீயணைப்பான், நான்கு அடுப்பு, ஒரு சிங்க், இரவு பத்து மணிக்குப் பூட்டு. இப்போது நாற்பது அறையில் நாற்பது கெட்டில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டுத் தோசை சுட்ட சீனியர்களின் கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

இரண்டே கெஞ்சல். இதை சமையல் தெரபி என்று பெயர் வைத்து, சீஃப் கெஸ்ட், பொன்னாடை, சர்டிஃபிகேட், அட்டெண்டன்ஸ் என்று ஆக்கிவிடாதீர்கள். எங்களில் பலர் வீட்டில் அடுப்படியிலிருந்து தப்பித்துத்தான் ஹாஸ்டலுக்கே வந்தோம், அண்ணன் சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொல்லாத ஓர் இடம் கிடைத்ததே என்று. அவர்களை யாரும் கூப்பிடக் கூடாது, தோன்றினால் வரட்டும். இன்னொன்று, பெண்கள் ஹாஸ்டலில் மட்டும் கட்டினால் நான் தலையில் அடித்துக்கொள்வேன். பசங்க ஹாஸ்டலில்தான் முதலில் கட்ட வேண்டும், அவன்களுக்கு அழக்கூட ஒரு சாக்கு கிடைப்பதில்லை, வெங்காயமாவது கிடைக்கட்டும்.

அப்புறம், என் கெட்டில். நீல நிறம், மூடியில் கைப்பிடி உடைந்திருக்கும், உள்ளே புளிக்கறை. செமஸ்டர் லீவுக்குப் போகும்போது வாங்கிக்கொள் என்றீர்கள், லீவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, ஸ்டோர் ரூமில் பார்த்து எடுத்து வையுங்கள் மேடம்.